இறுகின பிறேக்குக்கு நாலு வைத்தியம்: யாழ்ப்பாணத்தில் எது காசுக்குப் பெறுமதி?

ஓடிக்கொண்டிருக்கும்போதே பிறேக் இறுகிப் பிடித்துவிட்டது என்று யாழ்ப்பாணத்தில் கராஜுக்குப் போனால் நாலு விதமான மறுமொழி கிடைக்கும். கழற்றித் துடைத்துக் கிறீஸ் போட்டுவிட்டால் சரி என்பார் ஒருவர். றபர் கிட், அதாவது உள்ளே இருக்கும் றபர்களின் தொகுதி, மாற்றவேணும் என்பார் இன்னொருவர். ஜப்பானில் கழற்றி வந்த பழைய கலிப்பர் (சில்லோடு சுற்றும் டிஸ்க் தட்டைப் பாட் கட்டைகளால் கவ்விப் பிடிக்கும் உறுப்பு) ஒன்று இருக்கிறது, அதைப் பூட்டுவம் என்பார் மூன்றாமவர். நாலாமவர் புதுக் கலிப்பரைப் பெட்டியோடு மேசையில் வைப்பார்.

முடிவை முதலே சொல்லிவிடலாம். பிஸ்ரன் (கலிப்பருக்குள் இருந்து பாட்டைத் தள்ளும் உருளை) பழுதில்லாமல் இருந்தால் காசுக்கு ஆகப் பெறுமதியானது றபர் கிட்தான். பிஸ்ரன் இறுகின இடத்தில் ஆகக் குறைந்தது வெறும் துடைப்பும் கிறீசும். ஆனால் இந்த நாலில் எதைத் தெரிந்தாலும் அதற்கு முன்னம் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாத இடத்தில் ஆக விலை கூடின கலிப்பரைப் பூட்டினாலும் ஒரு மாதத்தில் அதே சில்லு திரும்பவும் மணக்கும்.

கலிப்பருக்குள் பிஸ்ரனைத் திரும்ப இழுக்க ஸ்ப்ரிங் எதுவும் இல்லை. பெடலை மிதிக்கும்போது பிஸ்ரன் வெளியே வரும். அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் சதுர விளிம்புச் சீல் றபரும் அதோடு சேர்ந்து கொஞ்சம் சரியும். காலை எடுத்தவுடன் சரிந்த றபர் நிமிரும். நிமிரும்போது பிஸ்ரனையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போகும். அந்த இழுவை ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் அதைவிடச் சற்றுக் கூட. முன் சில்லு இறுக்கமில்லாமல் சுற்றுவது இந்த மயிரிழை இடைவெளியின் தயவில்தான். ஆகவே பிஸ்ரனில் ஒரு துருப்புள்ளி, சீல் இருக்கும் தவாளிப்பில் கொஞ்சம் காறல் (படிந்து இறுகின பொருக்கு), கலிப்பர் நகர்ந்து ஓடும் கம்பியான சிலைட் பின்னில் காய்ந்த கிறீஸ், இதில் ஏதாவது ஒன்று போதும். பாட் டிஸ்க்கை விட்டு விலகாது.

ஓடும்போது மட்டும் இறுகுவதற்கும் காரணம் இருக்கிறது. விலகாத பாட் உரசும், உரசல் சூடாகும், சூட்டில் பிறேக் ஓயில் விரியும். விரிந்த ஓயில், பெடலை மிதிக்க ஓயிலைத் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டரில் உள்ள சிறு துவாரம் வழியாகத் தாங்கிக்குத் திரும்பவேணும். அந்த வழி அடைபட்டிருந்தால் அழுத்தம் ஏறும், பாட் இன்னும் இறுகும், சூடு இன்னும் கூடும். கடைசியில் கலிப்பருக்குள் இருக்கும் ஓயில் கொதித்து ஆவியாகும். அந்த நேரம் பெடல் கால்தட்டு வரைக்கும் இறங்கிவிடும். இறுகின பிறேக்கும் பிடிக்காத பிறேக்கும் ஒரே பயணத்தில் அடுத்தடுத்து வருவது இப்படித்தான். பிறகு அரை மணித்தியாலம் ஆறினால் எல்லாம் பழையபடி. ஆறின காரைக் கராஜுக்குக் கொண்டுபோனால் ‘ஒன்றும் இல்லையே’ என்ற மறுமொழியோடு திரும்பவேண்டியதுதான்.

இங்கத்தைய காற்றும் தண்ணீரும் இதற்கு ஒத்தாசை. பண்ணை, காரைநகர்த் தாம்போதிகளில் நாளாந்தம் ஓடுகிற கார், பருத்தித்துறைக் கரையோரம் நிற்கிற கார், சங்குப்பிட்டிப் பாலத்தால் போய்வருகிற கார், எல்லாம் உப்புக் காற்றைக் குடிக்கின்றன. குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. தீவுப்பகுதியில் பல கிணறுகளில் உவரும் சேரும். அந்தத் தண்ணீரில் சில்லைக் கழுவிக் காயவிட்டால் வெள்ளையாய்ப் படிவது காறல். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் தூசு, கிழிந்த தூசு மறைப்புக்குள் புகுந்து கிறீசோடு குழைந்து அரைக்கும். இதைவிடக் கேடானது நிற்கிற கார். வெளிநாட்டில் இருப்பவர்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தால் பாவிப்பார்கள் என்று பத்து மாதம் கொட்டிலில் ஹாண்ட் பிறேக் இழுத்தபடி நிற்கும் கார், மாரி மழை முடிந்து முதல் தடவை வெளிக்கிடும்போது பின் சில்லுகள் இரண்டும் ஒட்டிப்போய் நிற்கும். வாகன இறக்குமதி 2020 இல் நிறுத்தப்பட்டுத் தனியார் கார்களுக்கு 2025 இல்தான் திரும்பத் திறந்தது. அதனால் வீதியில் ஓடுகிற விட்ஸ், அக்சியோ, அல்ரோக்களில் பெரும்பகுதிக்கு நல்ல வயது. வருடாந்தப் புகைச் சோதனையில் பிறேக்கை யாரும் பார்ப்பதில்லை.

அந்த ஐந்து நிமிடச் சோதனைக்கு வருவோம். இறுகின நிலையிலேயே பார்க்கவேணும். தேவையானால் கராஜ்காரரையும் ஏற்றிக்கொண்டு ஓடி, சூடாக்கிக் கொண்டுவந்து பார்க்கவேணும். காரை ஜக்கில் உயர்த்தி, இரும்புத் தாங்குகாலில் வைத்து, ஹாண்ட் பிறேக்கை இறக்கிவிட்டு, சில்லைக் கையால் சுற்றிப் பார்ப்பது முதல் வேலை. எஞ்சினை நிறுத்தி, பெடலை ஐந்தாறு தரம் மிதித்துப் பூஸ்ரரில் (மிதிக்கு விசை கூட்டும் பாகம்) இருக்கும் வெற்றிடத்தை இறக்கிவிட்டுக் காலை எடுக்கவேணும். அப்போது சில்லு இளகினால் பூஸ்ரரில் பிழை. இளகாவிட்டால் அந்தச் சில்லின் நிப்பிளை (கலிப்பரில் காற்று எடுக்கும் திருகு) அரைச் சுற்றுத் திறக்கவேணும். பெரும்பாலும் 8 அல்லது 10 இலக்க ஸ்பனர் பொருந்தும். நிப்பிளில் குழாய் மாட்டிப் போத்தலுக்குள் விடுங்கள், சூடான ஓயில் பீச்சும், கண்ணில் பட்டால் வில்லங்கம்.

இப்போது இரண்டில் ஒன்று நடக்கும். ஓயில் பீச்சி, சில்லு உடனே இளகினால் கலிப்பரில் குற்றம் இல்லை. அழுத்தம் மேலே எங்கேயோ சிறைப்பட்டிருந்திருக்கிறது. ஓயில் சொட்டு மட்டும் வந்து சில்லு இளகாமல் நின்றால் குற்றம் கலிப்பரில்தான்: பிஸ்ரன், சிலைட் பின் அல்லது பாட்டின் காது (இரண்டு அந்தத்திலும் நீட்டியிருக்கும் முனை). இந்த ஒரு பிரிப்பைச் செய்யாமல் ‘கலிப்பர் போச்சு’ என்று சொல்கிறவரிடம் காரை விடவேண்டாம்.

அழுத்தம் சிறைப்பட்டிருந்தால் அடுத்த சந்தேகம் ஹோஸ், கலிப்பருக்கு ஓயில் கொண்டுபோகும் றபர் குழாய். வெளியே பார்க்க நல்லாய் இருக்கும், உள்றபர் பிரிந்து நாக்குப் போலத் தொங்கும். பெடலின் விசை பெரிது, ஓயிலைத் தள்ளி உள்ளே அனுப்பிவிடும். திரும்பி வரும் விசை சிறிது, நாக்கு வழியை மூடிவிடும். இன்னொரு வகை இங்கே அதிகம்: ஹோஸை நடுவில் பிடித்திருக்கும் இரும்புப் பட்டி துருப்பிடித்து ஊதி, ஹோஸைச் சுற்றி நெரித்துவிடும். பட்டி இருக்கும் இடத்தில் விரலால் தடவினால் துரு செதிலாய் உதிரும். உறுதிப்படுத்த, திரும்பவும் இறுக வைத்து, இந்த முறை ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாய் சேரும் நட்டை இளக்கவேணும். அங்கே திறந்தும் சில்லு இளகாமல், நிப்பிளைத் திறந்தால் மட்டும் இளகினால் ஹோஸ்தான். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒவ்வொரு ஹோஸ் போல்ற்றுக்கும் இரண்டு செப்பு வாசர், இரண்டும் புதுசு.

ஒரு சில்லு அல்ல, எல்லாச் சில்லும் சேர்ந்து இறுகுகிறது என்றால் கலிப்பரைத் தொடவே வேண்டாம். மாஸ்ரர் சிலிண்டரைப் பூஸ்ரரில் பிடிக்கும் இரண்டு நட்டையும் இளக்கி, சிலிண்டரை 2, 3 மில்லிமீற்றர் முன்னுக்கு இழுத்துப் பாருங்கள். சில்லுகள் இளகினால் பூஸ்ரரின் தள்ளுகம்பி அளவுக்கு மேல் நீண்டு நிற்கிறது, அல்லது பெடல் முழுதாய் மேலே வரவில்லை. பெடலுக்கு மேலே இருக்கும் பிறேக் லைற் சுவிச்சைப் புதிதாய்ப் பூட்டினவர் கொஞ்சம் கூட உள்ளே திருகியிருந்தாலே போதும், பெடலை அது அமத்திப் பிடித்தபடி நிற்கும். ரொயோட்டாக்களில் பூஸ்ரர் வெற்றிடத்தை இறக்கிய பிறகு பெடலை விரலால் அமத்தினால் 1 முதல் 6 மில்லிமீற்றர் வரை சும்மா இறங்கவேணும். அந்தச் சும்மா இறக்கம் இல்லாவிட்டால் திரும்பும் துவாரம் மூடியே இருக்கும். நட்டை இளக்கியும் விடவில்லை, சிலிண்டரில் இருந்து போகும் குழாயை இளக்கினால்தான் விடுகிறது என்றால் சிலிண்டருக்குள் றபர் ஊதியிருக்கிறது.

றபர் ஏன் ஊதுகிறது? ‘பிறேக் ஓயில்’ என்ற பெயரே பாதிக் காரணம். அது ஓயில் அல்ல. தண்ணீரோடு கலக்கும் கிளைக்கோல் வகைத் திரவம். ஓயில் என்று சொல்லிச் சொல்லி, தாங்கியில் அளவு குறைந்தால் கையில் கிடைத்த ஸ்ரியறிங் ஓயிலையோ எஞ்சின் ஓயிலையோ ஊற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கரண்டி போதும். சில நாளில் தாங்கி மூடிக்குள் இருக்கும் றபர் அகன்று, திரும்ப உள்ளே அடங்காமல் நிற்கும். அதுதான் அடையாளம். தாங்கியில் இருந்து இரண்டு சொட்டு எடுத்துத் தண்ணீர்க் கிளாசில் விட்டுப் பாருங்கள். பிறேக் ஓயில் கரைந்துவிடும், மற்றது மினுங்கிக்கொண்டு மேலே மிதக்கும். மிதந்தால் ஓயில் தொட்ட றபர் எல்லாம் மாறவேணும்: மாஸ்ரர் சிலிண்டர், நாலு சில்லு, ஹோஸ்கள், ஏபிஎஸ் (சில்லு பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) இருந்தால் அந்தப் பெட்டியும். அதற்கு மேல் கிட்டைப் பற்றிக் கதைப்பதில் அர்த்தமில்லை.

சோதனையில் குற்றம் கலிப்பரில்தான் என்று தெரிந்த பிறகே நாலு வைத்தியத்துக்கும் வேலை.

துடைத்துக் கிறீஸ் போடும் வேலையை முற்றாகத் தள்ளிவிட முடியாது. குற்றம் சிலைட் பின்னிலோ பாட்டின் காதிலோ இருந்தால் இதுவே முழுத் திருத்தம். பின்னை உருவி எடுத்தால் தெரியும். நல்ல பின் விரலால் தள்ள உள்ளே போய், விட்டால் மெதுவாகத் திரும்பும். கெட்ட பின்னில் பழைய கிறீஸ், பனங்கட்டிப் பாகு இறுகினதுபோல மண்ணிறமாய்ப் பிசுபிசுக்கும், அல்லது காய்ந்து தூளாய்க் கொட்டும். பல கலிப்பர்களில் ஒரு பின்னின் நுனியில் றபர் வளையம் இருக்கும், மற்றதில் இருக்காது. இரண்டையும் இடம் மாறிப் பூட்டினால் நாளடைவில் இறுகும். கழற்றும்போதே மேல், கீழ் என்று குறித்துவைப்பவர் கெட்டிக்காரர்.

இங்கே கெடுவது கிறீசால். சில்லு பெயாரிங்குக்குப் போடும் சாதாரணக் கிறீஸ் கனிய எண்ணெய் வகை. அதைச் சிலைட் பின்னில் பூசினால் றபர் வளையமும் மறைப்பும் ஊதிப் பின்னை நெரிக்கும். போட்ட கிழமை வடிவாக ஓடும், இரண்டு மூன்று மாதத்தில் முன்னைவிட மோசம். பின்னுக்கு றபரைக் கெடுக்காத பிறேக் கிறீஸ்தான் போடவேணும், சிலிக்கன் கிறீஸ் அதில் ஒன்று. அளவும் கணக்கு: பின்னில் மெல்லிய பூச்சு. துவாரத்தை நிரப்பி அடைத்தால் பின்னுக்குப் போக இடமில்லாமல் கிறீசும் காற்றும் அமுங்கி அதைத் திரும்ப வெளியே தள்ளும். பின்னை உள்ளே தள்ளும்போது மறைப்பு றபரின் வாயை விரலால் ஒருக்கால் நீக்கிக் காற்றை விடவேணும்.

பாட்டின் காது இருக்கும் இடத்தில் ஸ்ரெயின்லெஸ் கிளிப்புக்குக் கீழே துரு ஊதி, கிளிப்பை உயர்த்தி, பாட்டை நெரிக்கும். கிளிப்பைக் கழற்றி அடியில் அரத்தால் அராவினால்தான் தீரும். மேலே கிறீஸ் பூசினால் தீராது. பாட் கைவிரலால் தள்ளப் போகவேணும். சுத்தியலால் தட்டி உட்காரவைத்த பாட் சுத்தியலால் தட்டினால்தான் வெளியே வரும். மலிவுப் பாட்களில் காதிலும் தடிப்பாய்ப் பெயின்ற் இருக்கும், அதையும் அராவவேணும்.

பிஸ்ரன் இறுகியிருந்தால் மட்டும் துடைப்பு ஏமாற்று. பிஸ்ரனை ஜி கிளாம்பால் உள்ளே தள்ளி, மறைப்பைச் சுற்றி ஸ்பிறே அடித்து, ‘விட்டிட்டுது’ என்று தருவார்கள். துருவை சீல் றபருக்குள்ளால் இழுத்துக்கொண்டு போனதுதான் நடந்த வேலை.

இனி றபர் கிட். சேய்கென், மியாகோ போன்ற ஜப்பான் பெயர்களில் பல காலமாக இங்கே விற்பனையாகிறது. ஒரு சோடி முன் கலிப்பருக்கான பெட்டியில் சீல் றபர் இரண்டு, பிஸ்ரன் தூசு மறைப்பு இரண்டு, அதை இருத்தும் வளையங்கள், சிலைட் பின் மறைப்புகள், சிலவற்றில் சின்னப் பையில் கிறீசும் இருக்கும். விலை புதுக் கலிப்பரின் விலையில் சிறு பங்குதான். வாங்கும்போது காரின் பெயரை மட்டும் சொல்லி வாங்கவேண்டாம். ஒரே மொடலுக்கே அட்விக்ஸ், அக்கெபோனோ, நிசின் என்று வேறு வேறு தயாரிப்பாளரின் கலிப்பர் வரலாம். வார்ப்பில் இருக்கும் பெயரையும் பிஸ்ரன் விட்டத்தையும் பார்த்து, சேசிஸ் இலக்கத்தோடு போனால்தான் சரியான பெட்டி கையில் வரும். ஒரு மில்லிமீற்றர் பிழைத்த சீலைப் பூட்டினால் ஒழுகும், அல்லது பிடிக்கும்.

கிட் போட்டும் இறுகுதே என்று கிட்டைக் குறைசொல்பவர்கள் அதிகம். பெரும்பாலும் குற்றம் பெட்டிக்குள் இல்லை, தவாளிப்புக்குள் இருக்கிறது. கலிப்பர் துவாரத்தின் உட்சுவரில் இரண்டு தவாளிப்பு: உள்ளது சீலுக்கு, வெளியது தூசு மறைப்புக்கு. பழைய சீலைக் கிளப்பிய பிறகு அந்தத் தவாளிப்பின் அடியில் மண்ணிறக் காறல் ஓட்டுப்போல ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் பாத்திர அடிப்பிடிபோல இருக்கும். அதன்மேல் புதுச் சீலை இருத்தினால் காறலின் தடிப்பளவுக்குச் சீல் உள்ளே பிதுங்கிப் பிஸ்ரனை நெரிக்கும். புதுக் கிட், பழைய இறுக்கம். பித்தளைக் கம்பியாலோ கூராக்கின மரக்குச்சியாலோ சுற்றிச் சுற்றிச் சுரண்டி, தவாளிப்பின் மூலைகள் கூராய்த் தெரியும்வரை எடுக்கவேணும். இருபது நிமிட வேலை, சலிப்பான வேலை. கூலியில் பெறுமதியான பகுதி இதுதான்.

பிஸ்ரனை வெளியே எடுக்கக் கம்பிறெசர் காற்று விடுவார்கள். முன்னால் மரக்கட்டை வைத்து, காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாய் விடவேணும். விரலை அந்தப் பக்கம் வைத்தவரின் விரல் நசுங்கும். வெளியே வந்த பிஸ்ரனை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். குரோம் பளபளப்பில் குண்டூசி முனையளவு குழி இருந்தாலும், அது சீல் ஓடும் பகுதியில் இருந்தால் பிஸ்ரன் மாறவேணும். சான்ட் பேப்பரால் தேய்த்துத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். குரோம் உரிந்த இடத்தில் ஒரு மாரிக்குள் துரு வரும். கலிப்பர்த் துவாரத்தின் சுவரில் இருக்கும் லேசான கறையை 1000 இலக்க நீர்ப் பேப்பரால் எடுப்பதில் பிழையில்லை. சீல் உரசுவது பிஸ்ரனோடு, சுவரோடு அல்ல.

கழுவும் வேலையில்தான் இங்கத்தைய கராஜ்களோடு சண்டை. கலிப்பரை மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுக் கழுவுவது பழக்கம். பொருளாதாரத் தடைக் காலத்தில் கார்களே மண்ணெண்ணெயில் ஓடின ஊர் இது, அதன்மேல் இருக்கும் நம்பிக்கை லேசில் போகாது. ஆனால் பிறேக் றபருக்கு மண்ணெண்ணெய், பெற்றோல், டீசல் மூன்றும் நஞ்சு. ஒரு தடவை தொட்டாலே ஊதத் தொடங்கும். பிறேக் கிளீனர் ஸ்பிறே அல்லது ஸ்பிரிட் பாவித்து, காற்றடித்துக் காயவைத்து, புதுச் சீலையும் பிஸ்ரனையும் புதுப் பிறேக் ஓயிலில் நனைத்துக் கையாலேயே உள்ளே தள்ளவேணும். நேராக வைத்தால் கட்டைவிரல் இரண்டும் போதும். கிளாம்ப் தேவைப்பட்டால் எங்கேயோ பிழை, திரும்பக் கழற்றவேணும்.

பழைய ஜப்பான் கலிப்பரின் நன்மை ஒன்றுதான்: வார்ப்பும் அளவும் அசல். பிஸ்ரன் குழி விழுந்து, புதுப் பிஸ்ரன் தனியாகக் கிடைக்காத மொடலுக்கு இது உதவும். ஆனால் ஓயில் வடிந்து, துவாரம் திறந்தபடி கப்பலிலும் கடைத் தட்டிலும் எத்தனையோ மாதம் கிடந்த இரும்பு அது. பனி விழும் பிரதேசத்துக் காரில் இருந்து வந்ததென்றால் வீதியில் தூவும் உப்பையும் குடித்திருக்கும். அதை முழுக் கலிப்பர் என்று நினைத்து வாங்காமல் உடல் மட்டும் என்று நினைத்து வாங்குங்கள், கிட் எப்படியும் போடவேணும். நிப்பிளை ஸ்பனர் போட்டுத் திருப்பிப் பார்க்காமல் கடையை விட்டு வெளிக்கிடவேண்டாம். உள்ளே முறிந்த நிப்பிளோடு வரும் கலிப்பர் வெறும் இரும்பு. காரில் பூட்டின பிறகு நிப்பிள் மேல்பக்கம் நிற்கவேணும். கீழே நின்றால் இடது, வலது மாறிவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் காற்றுப் போகாது.

புதுக் கலிப்பர் நேரத்தை மிச்சம் பிடிக்கும். தவாளிப்புச் சுரண்டத் தெரிந்தவர் கிடைக்காவிட்டால் இதுவே பாதுகாப்பு. மலிவுப் பெட்டிகளில் பின்கள் கிறீஸ் இல்லாமல் உலர்ந்தபடி வரும், பூட்ட முன்னம் உருவிப் பாருங்கள். பழைய ஹோஸோடு புதுக் கலிப்பர் பூட்டுவது, நிப்பிள் சோதனை செய்யாதவர்களின் கைராசி.

எதைப் பூட்டினாலும் ஓயில் புதுசு. டொட் 3 தண்ணீர் சேராதபோது 205 பாகை செல்சியஸிலும் தண்ணீர் ஊறிய பிறகு 140 பாகையிலும் கொதிக்கக்கூடும் என்பது அதன் ஆகக் குறைந்த தரம். டொட் 4 க்கு அது 230, 155. ஊறியது என்றால் நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர், அவ்வளவுதான். எங்கள் ஈரக் காற்றில் இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் மாற்றுவது கூடச் செலவல்ல. மூடியில் டொட் 3 என்றிருந்தால் டொட் 4 ஊற்றலாம். டொட் 5 என்பது சிலிக்கன், இவற்றோடு சேராது. முழுதாய் மாற்ற ஒரு லீற்றர், ஒரு சில்லு வேலைக்கு அரை லீற்றர் ரின். சீல் உடையாத ரின்னை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள். காற்று எடுக்கும்போது பழைய காரில் பெடலை அடிவரை மிதிக்க விடாமல் பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். வழமையாகப் போகாத ஆழத்தில் துரு இருக்கும், மாஸ்ரர் சிலிண்டர் றபர் அதில் கிழிந்து, பிறேக் திருத்தப் போய் சிலிண்டர் மாற்றுகிற கதையாகிவிடும்.

பின் சில்லில் டிஸ்க்குக்குப் பதிலாக டிரம் இருந்தால் கதை வேறு. ஸ்ப்ரிங் முறிவது, வீல் சிலிண்டர் துருப்பிடிப்பது, ஹாண்ட் பிறேக் கேபிளின் உறை வெடித்து மழைத்தண்ணீர் இறங்குவது, இவை மெதுவாய் இறுக்கும். லைனர் (உரசும் பட்டை) அதைத் தாங்கும் சூவில் இருந்து கழன்று டிரம்முக்குள் மடங்கிச் சிக்குவது ஒரு நொடியில் சில்லைப் பூட்டிவிடும், ஈர வீதியில் கார் சுழலும். மலிவு லைனர் வாங்கி மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் அது. நெடுநாள் நிறுத்தும் காருக்கு ஹாண்ட் பிறேக்கை இறக்கி, கியரில் போட்டு, சில்லுக்கு முன்னும் பின்னும் கல்லு வையுங்கள்.

பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிறிட் கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். இவற்றில் வேகம் குறைப்பதைப் பெரும்பாலும் மோட்டரே செய்வதால் கலிப்பர் அதிகம் அசைவதில்லை. பாட் தேயாமலே சிலைட் பின்னும் பிஸ்ரனும் துருப்பிடிக்கும். ‘பாட் புதுசாய்க் கிடக்கு’ என்பது நல்ல செய்தி அல்ல. சாரதிக் கதவைத் திறந்தாலே பிறேக் பம்ப் தானாக ஓடத் தொடங்கும் கார் இது, கலிப்பர் கழன்றிருக்கும்போது ஓடினால் பிஸ்ரன் வெளியே பாயும். ஸ்கானர் இல்லாத இடத்தில் இதன் ஓயிலைத் திறக்க விடவேண்டாம்.

வழியில் இறுகினால்: கார் ஒரு பக்கம் இழுக்கும், காலெடுத்தவுடன் ஏதோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல வேகம் விழும், கருகின மணம் வரும். ஓரம்கட்டி ஆறவிடுங்கள், அரை மணித்தியாலமாவது. சூட்டில் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வெடிக்கலாம் அல்லது கோணலாம். நிப்பிளைத் திறந்து அழுத்தத்தை இறக்கி மூடினால் சில்லு இளகலாம், ஆனால் அடுத்த மிதிக்குத் திரும்ப இறுகும். பக்கத்துக் கராஜ் வரை ஊர்ந்து போகத்தான் அது. கொழும்புக்குப் போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் கச்சான் வாங்க இறங்கும்போது காரைச் சுற்றி ஒரு வலம் வந்து, புறங்கையை ஒவ்வொரு சில்லின் றிம்முக்கும் கிட்டப் பிடித்துப் பாருங்கள், தொடவேண்டாம். இடம் வலம் ஒரே அளவு வெக்கை வரவேணும்.

வேலை முடிந்து காசு கொடுக்க முன்னமும் அதே சோதனைதான். உயர்த்தி நிற்கும்போதே பெடலை மூன்று தரம் மிதித்து விட்டபின் சில்லு கையால் சுற்றவேணும். லேசாக உரசும் சத்தம் இருக்கலாம். பிறகு பத்துக் கிலோமீற்றர் ஓடி வெப்பமானியால் இரண்டு டிஸ்க்கையும் பாருங்கள். ஒன்று 70 பாகை, மற்றது 150 என்றால் கார் திரும்ப ஜக்கில் ஏறவேணும். சில்லு நட் இறுக்கம் ரொயோட்டாவின் சிறு கார்களுக்கு 103 நியூட்டன் மீற்றர், சுசுகி அல்ரோ, வகன் ஆருக்கு 85. கழற்றின பழைய சீலையும் சிலைட் பின் மறைப்புகளையும் ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். சீலின் விளிம்பு உருண்டு, றபர் கல்லாய் இறுகியிருந்தால் வயது. புதுச் சீலோடு பக்கத்தில் வைக்கப் பெருத்துத் தெரிந்தால் யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள், அப்படியானால் மற்ற மூன்று சில்லும் வரிசையில் நிற்கின்றன.